பார்பரா ஹட்டன் டிவி படம்: எவ்வளவு உண்மை, பணம் எங்கே போனது?

கேள்வி இதுதான்: "ஃபரா ஃபாசெட் நடித்த பழைய அமெரிக்க டிவி படம் ஒன்று பார்த்தேன். பார்பரா ஹட்டன் என்ற கோடீஸ்வரியின் வாழ்க்கைக் கதை. ஏழு கல்யாணம், அரண்மனைகள், நகைகள், கடைசியில் கையில் காசில்லாமல் சாவு. இதெல்லாம் நிஜமாக நடந்ததா? அவ்வளவு பணமும் எங்கே போனது?"

நிஜமாக நடந்ததுதான். ஏழு கல்யாணமும் நிஜம், அரண்மனையும் நிஜம். கடைசிக் காட்சியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தப் படம் சரியான பதில் தரவில்லை என்பது என் கருத்து. அன்புக்கு ஏங்கிய பெண், ஏமாற்றிய ஆண்கள் என்ற பாதையிலேயே படம் போகிறது. அந்தப் பணம் எப்படி அவர் கைக்கு வந்தது, யார் யார் கை வழியாக வெளியே போனது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

முதலில் படம். 1987 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பானது. பெயர் 'புவர் லிட்டில் ரிச் கேர்ள்: தி பார்பரா ஹட்டன் ஸ்டோரி'. இயக்கியவர் சார்ல்ஸ் ஜாரட். சிறந்த குறுந்தொடர் அல்லது டிவி படத்துக்கான கோல்டன் குளோப் விருதை அந்த ஆண்டு இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. அடிப்படை, சி. டேவிட் ஹேமன் எழுதிய வாழ்க்கை வரலாறு. இந்தப் புத்தகத்துக்கே ஒரு கதை உண்டு. 1983இல் வெளிவந்த சில வாரங்களில் பதிப்பகம் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம், 1943இல் பார்பராவுக்கு அளவுக்கு மீறி மருந்துகள் எழுதிக் கொடுத்தார் என்று அதில் ஒரு டாக்டரைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1943இல் அந்த டாக்டருக்கு வயது 14! அப்புறம் திருத்தங்களோடு வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. ஆகவே தேதி, திருமணம், விவாகரத்து போன்ற பொதுப் பதிவில் உள்ள விஷயங்களைத் தாராளமாக நம்பலாம். மூடிய அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்று வரும் காட்சிகளைக் கற்பனை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். பார்பராவின் தாத்தா எஃப். டபிள்யூ. வுல்வொர்த். படத்தில் பர்ல் ஐவ்ஸ் நடித்த அந்தப் பெரியவர். 1879இல் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் நகரில் அவர் திறந்த கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் ஐந்து சென்ட். பிறகு பத்து சென்ட் பொருட்களும் சேர்ந்தன. அன்றைய கடைகளில் சாமான் எல்லாம் கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். வுல்வொர்த் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தார். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கலாம், விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது. பொருளை எடுத்துப் புகழ்ந்து பேசி விற்க அனுபவசாலி தேவையில்லை என்பதால் குறைந்த சம்பளத்துக்கு இளம் பெண்களை வைத்தாலே போதும் என்று ஆயிற்று. இது முக்கியம், பின்னால் திரும்ப வரும். 1913இல் நியூயார்க்கில் அவர் கட்டிய வுல்வொர்த் கட்டடம் 792 அடி. அன்று உலகிலேயே உயரமான கட்டடம். கடன் வாங்காமல் ரொக்கத்தில் கட்டினார்.

இப்பேர்ப்பட்ட வியாபாரி தன் புதிய உயிலில் கையெழுத்துப் போடாமலே 1919 ஏப்ரலில் இறந்துபோனார். செல்லுபடியானது 1889இல் எழுதிய பழைய உயில். அதன்படி சொத்து முழுவதும் மனைவி ஜென்னிக்கு. ஜென்னியோ அதற்கு முன்பே நினைவு தவறிப்போனவர், தன் கணவர் இறந்ததைக்கூட அறியாத நிலை. உலகின் பெரிய செல்வங்களில் ஒன்று ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. 1924இல் ஜென்னி இறந்ததும் மூன்று மகள்களுக்குச் சம பங்கு. நடு மகள் எட்னா அப்போது உயிரோடு இல்லாததால் அவர் பங்கு அவருடைய ஒரே குழந்தைக்கு. பார்பராவுக்கு அப்போது 11 வயது. கிடைத்த தொகை சுமார் 2 கோடி 60 லட்சம் டாலர்.

தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பல பேருக்கும் பல நிபந்தனைகளுக்கும் இடையே பிரிந்துபோயிருக்கக்கூடிய சொத்து, ஒரு தாயில்லாக் குழந்தையின் தலையில் மொத்தமாக வந்து இறங்கியது.

எட்னாவின் சாவு படத்தின் ஆரம்பத்தில் வருகிறது. 1917 மே மாதம், நியூயார்க் பிளாசா ஹோட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். காதின் பின்புற எலும்பில் ஏற்பட்ட நோயால் மூச்சடைத்து இறந்தார் என்பது அதிகாரபூர்வ அறிக்கை. விஷம் குடித்தார் என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. உடலை முதலில் பார்த்தது நான்கு வயது பார்பராதான் என்றும் சொல்வார்கள். அப்பா ஃபிராங்க்ளின் ஹட்டன் பங்குத் தரகர். பெரிய நிறுவனமான ஈ. எஃப். ஹட்டனைச் சேர்ந்தவர், பெண்கள் விஷயத்தில் பேர் போனவர். குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. தாத்தா வீடு, பிறகு கலிஃபோர்னியாவில் உறவினர் வீடு, பிறகு உறைவிடப் பள்ளிகள் என்று கைமாறிக்கொண்டே இருந்தாள் அந்தக் குழந்தை. சிறுமி பார்பராவாக ஃபைரூசா பால்க் நடித்த பகுதிதான் என்னைப் பொறுத்தவரை முழுப் படத்திலும் சிறந்தது. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. அந்தச் சிறுமி அதிகம் பேசாமலே இதைக் காட்டிவிடுகிறாள்.

மகளைக் கவனிக்காத அப்பா, மகளின் பணத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். 1933 நவம்பரில் பார்பராவுக்கு 21 வயது நிறைந்தபோது தொகை ஏறத்தாழ 5 கோடி டாலர். இன்றைய மதிப்பில் நூறு கோடி டாலரை ஒட்டி வரும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, சந்தை இடிந்து கிடந்த காலத்திலும் கரையாமல் நின்ற பணம் இது. ஃபிராங்க்ளின் தொழிலில் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு துளியைக்கூட அவர் மகளுக்குக் கற்றுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கணக்கு எப்படிப் பார்ப்பது, வட்டி எது முதல் எது என்பதெல்லாம் தெரியாமலே 21 வயதில் முழுப் பணமும் பார்பராவின் கைக்கு வந்துவிட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கும் படியையே யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

1930 டிசம்பரில் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் நடந்த அறிமுக விருந்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெரிய இடத்துப் பெண்கள் பருவம் வந்ததும் சமூகத்துக்கு அறிமுகமாகும் நடனவிருந்து அது. செலவு 60,000 டாலர். அன்றைய பிரபலப் பாடகர்கள் ரூடி வாலியும் மோரிஸ் ஷெவாலியேவும் வந்து பாடினார்கள். வேலை இழந்தவர்கள் சூப்புக்காக வரிசையில் நின்ற குளிர்காலம் அது. 60,000 டாலர் என்றால் வுல்வொர்த் கடையில் ஆறு லட்சம் பத்து சென்ட் பொருட்களின் விலை. லாபம் இல்லை, மொத்த விலையே அவ்வளவு. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அந்தச் சமயத்தில் பார்பராவுக்கு 18 வயது. விருந்தை அவர் கேட்டாரா, குடும்பம் வைத்ததா என்று எந்தப் பத்திரிகையும் யோசிக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த வெறுப்பு முப்பதுகள் முழுக்கத் தொடர்ந்தது.

திருமணங்களுக்கு வருவோம். முதல் கணவர் அலெக்சிஸ் எம்டிவானி, 1933. ஜார்ஜியாவிலிருந்து வந்த இளவரசர் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லோரும் பணக்காரர்களையே பார்த்துக் கல்யாணம் செய்தவர்கள். நம் ஊரில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல இங்கேயும் மாப்பிள்ளை கைக்கு 10 லட்சம் டாலர் போனது. விவாகரத்தின்போது அதற்கு மேலும். 1935 மே 13 அன்று விவாகரத்து, மறுநாளே நெவாடாவின் ரீனோ நகரில் டென்மார்க் பிரபு கர்ட் ரெவன்ட்லோவுடன் இரண்டாம் கல்யாணம். நம்ப முடியாத அவசரம் என்று தோன்றும், ஆனால் படம் இதை மிகைப்படுத்தவில்லை.

ரெவன்ட்லோ விஷயத்தில்தான் பணத்தின் உண்மையான வேலை வெளியே தெரிகிறது. 1936இல் மகன் லான்ஸ் பிறந்தான். பிரசவத்தில் பார்பரா சாவின் விளிம்புவரை போய் வந்தார். குழந்தையைக் கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் 12 ஏக்கர் தோட்டத்தோடு வீடு கட்டி, தாத்தா நினைவாக வின்ஃபீல்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்தார். 1937 டிசம்பரில் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து டென்மார்க் பிரஜை ஆனார். வரியை மிச்சம் பிடிக்கும் கணக்கு என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கணவரின் வற்புறுத்தல் இதில் பெரிது. ஆனால் அமெரிக்கா திட்டியது கணவரை அல்ல, பார்பராவை.

அதே 1937இல்தான் இன்னொன்றும் நடந்தது. பிப்ரவரி கடைசியில் டெட்ராய்ட் நகரின் வுல்வொர்த் கடையில் நூறு பேருக்கு மேற்பட்ட விற்பனைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். ஒரு வாரம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார்கள், கடைக்குள்ளேயே படுத்துத் தூங்கினார்கள், பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அந்தப் பாட்டில் பார்பரா ஹட்டனின் பெயர் வந்தது. முடிவில் மணிக்கு ஐந்து சென்ட் சம்பள உயர்வும் சங்கத்துக்கு அங்கீகாரமும் பெற்றுக்கொண்டுதான் எழுந்தார்கள். பார்பரா கடையை நடத்தியவர் அல்ல, சம்பளத்தை நிர்ணயித்தவரும் அல்ல. இருந்தாலும் அவர் கழுத்தில் கிடந்த மணிகளுக்கும் இந்தப் பெண்களின் கால் வலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவர்களுக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தின் கவனம் இவர்கள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது. என் பெரிய குறை இதுதான். வாரிசின் துக்கத்தை மட்டும் காட்டினால் அது ராஜகுமாரி கதை. கடைப் பெண்களையும் சேர்த்துக் காட்டியிருந்தால் அமெரிக்காவின் கதையாக ஆகியிருக்கும்.

மூன்றாவது கணவர் ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட், 1942. படத்தில் ஜேம்ஸ் ரீட் நடித்தார். ஏழு பேரில் இவர் ஒருவர்தான் பணம் எதுவும் வாங்காதவர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சொத்தில் உரிமை கோர மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தார். பத்திரிகைகள் கேலி செய்தன என்றாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். 1945இல் பிரிந்த பிறகும் நட்பு நீடித்தது. லான்ஸிடம் அவர் காட்டிய பாசமும் மாறவில்லை. காலையில் எழுந்து ஸ்டுடியோவுக்குப் போகிற நடிகரும், விருந்தினர்கள் இல்லாமல் ஒரு மாலையைக்கூடக் கழிக்க முடியாத பெண்ணும் ஒரே வீட்டில் வாழ்வது நடக்கிற காரியமா? இந்த உரசலைப் படம் நியாயமாகக் காட்டுகிறது. இருவரில் யாரையும் வில்லன் ஆக்கவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இகோர் ட்ருபெட்ஸ்கோய் கார்ப் பந்தய வீரர். டொமினிக்கன் குடியரசின் தூதரக அதிகாரி போர்ஃபிரியோ ருபிரோசாவுடன் வாழ்ந்தது 53 நாள். அதற்குள் அவருக்குக் காப்பித் தோட்டம், போலோ குதிரைகள், ஒரு விமானம் எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஜெர்மன் டென்னிஸ் வீரர் காட்ஃப்ரீட் ஃபான் கிராம் இவர்களில் நான் மதிக்கும் மனிதர். விம்பிள்டன் இறுதிப் போட்டியில் மூன்று முறை ஆடியவர், தன்பாலின உறவுக்காக நாஜிகளால் சிறையில் அடைக்கப்பட்டவர். பார்பரா அவரை நேசித்தது நிஜம், ஆனால் அந்த இல்லறம் நிலைக்க வழியில்லை. கடைசியாக 1964இல் பியேர் ரேமோன் தோவான். அவருக்கு லாவோஸின் இளவரசர் பட்டத்தைப் பார்பராவே பணம் கொடுத்து வாங்கித் தந்தார்.

சரி, பணம் எங்கே போனது? கணவர்களால் மட்டும் கரையவில்லை. முதல் காரணம், வட்டியோடு நிற்காமல் மூலதனத்தையே எடுத்துச் சாப்பிட்டது. மொராக்கோவின் டாஞ்சியரில் சிடி ஹோஸ்னி மாளிகை, மெக்சிகோவின் குவர்னவாகாவில் ஜப்பானியப் பாணி வீடு, பாரிஸில் இருப்பிடம், ஹோட்டல்களில் தளம் தளமாக அறைகள், எல்லாவற்றுக்கும் வேலைக்காரர்கள். வருமானம் போதாதபோது சொத்தை விற்றார்கள். இரண்டாவது, கொடை. லண்டன் வீட்டை 1946இல் ஒரே ஒரு டாலருக்கு அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார். இன்று அங்கே அமெரிக்கத் தூதர் குடியிருக்கிறார். யாராவது ஒரு நகையைப் புகழ்ந்தால் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நகையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் கல்யாணத்தின்போது அப்பா கொடுத்த, ஜேடு என்னும் பச்சைக் கல் மாலை. 27 மணிகள், கார்ட்டியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் செய்தது. கொக்கியை மாணிக்கமும் வைரமும் வைத்து மாற்றச் சொன்னது பார்பரா. பிற்காலத்தில் அதை எம்டிவானியின் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். 1988இல் அது ஏலத்துக்கு வந்தபோது சுமார் 20 லட்சம் டாலர். 1994இல் 40 லட்சத்துக்கு மேல். 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் சதபீஸ் ஏலத்தில் 2 கோடி 74 லட்சம் டாலர், வாங்கியது கார்ட்டியே நிறுவனமே. தாத்தாவிடமிருந்து 1924இல் அவருக்கு வந்த மொத்தப் பங்கின் தொகையை, கொடுத்துவிட்ட ஒரு மாலை மட்டும் எட்டிவிட்டது. பண மதிப்பு மாறியதைக் கணக்கில் எடுத்தாலும் அவரிடம் இருந்தது எப்பேர்ப்பட்ட சொத்து என்று புரியும்.

மூன்றாவது காரணம் உடம்பு. இளம் வயதிலிருந்தே எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி, பிறகு தூக்க மாத்திரை, மது, அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரின் பணத்தைப் பிறர்தான் நிர்வகிக்க வேண்டும். கடைசி வருடங்களில் வழக்கறிஞர்களும் உதவியாளர்களும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள், மேற்பார்வை பார்க்க ஆளில்லை. 1972இல் மகன் லான்ஸ் கொலராடோவில் சிறு விமான விபத்தில் 36 வயதில் இறந்தபோது, கேள்வி கேட்கக்கூடிய ஒரே வாரிசும் போய்விட்டான். 1979 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பெவர்லி ஹில்ஸின் பெவர்லி வில்ஷயர் ஹோட்டலில் மாரடைப்பால் இறந்தபோது பார்பராவுக்கு 66 வயது. வங்கியில் மிஞ்சியது 3,500 டாலர் என்று சொல்லப்படுவது நான் முன்பு சொன்ன புத்தகத்தின் வழியாகப் பரவிய தொகை. நெருங்கியவர்களில் சிலர் அதை மறுத்திருக்கிறார்கள். பெரும் செல்வம் கரைந்துபோனது உறுதி, அந்தத் துல்லியமான எண்ணை மட்டும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபரா ஃபாசெட் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' டிவி தொடரின் நாயகியாகவும் போஸ்டர் முகமாகவுமே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1984இல் 'தி பர்னிங் பெட்' படத்தில் கணவனிடம் அடிபடும் மனைவியாக நடித்து அந்தப் பிம்பத்தை உடைத்திருந்தார். இங்கே பதின்பருவத்திலிருந்து அறுபதுகள் வரை வருகிறார். இளமைப் பகுதியில் வயதும் முகமும் பொருந்தவில்லை, ஒப்பனையும் கைகொடுக்கவில்லை. ஆனால் பிற்பகுதியில், எதிரில் இருப்பவர் பணத்துக்காகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே காசோலை எழுதும் பெண்ணாக அவர் அருமை. பார்பராவை முட்டாளாகக் காட்டும் எளிய வழியை அவர் எடுக்கவில்லை.

பணக்கார வாரிசு என்றாலே இப்படித்தான் அழிய வேண்டுமா என்று நீங்கள் யோசித்தால், டோரிஸ் டியூக் என்ற இன்னொரு அமெரிக்க வாரிசைப் பற்றி 1999இல் வந்த டிவி படத்தையும் பாருங்கள். முதுமைப் பருவ டோரிஸாக லாரன் பக்கால், கூடவே ரிச்சர்ட் சேம்பர்லைன். டோரிஸ் பிறந்தது பார்பராவுக்கு எட்டு நாள் கழித்து, 1912 நவம்பர் 22. அவர் அப்பா புகையிலைக் கோடீஸ்வரர். ருபிரோசா இவருக்கும் கணவராக இருந்தவர்தான், பார்பராவுக்கு முன்பே. 1935 தேனிலவுப் பயணத்தில் இந்தியா வந்து வார்தாவில் காந்தியைச் சந்தித்ததும், தாஜ்மகாலில் மயங்கி ஹவாய் வீட்டுக்குப் பளிங்கு அறை செய்யச் சொன்னதும் இவரே. அப்பா இறந்த பிறகு குடும்பச் சொத்தை விற்கப் பார்த்தார்கள் என்று 14 வயதிலேயே கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தவர். 1993இல் இறந்தபோது நூறு கோடி டாலருக்கு மேல் விட்டுச் சென்றார், பெரும்பகுதி அறப்பணிகளுக்கு. காதலில் டோரிஸும் பெரிதாகச் சுகப்படவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே தன் கணக்கைத் தானே பார்த்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.